மைசூர் கண்ட ஓவியர் ரவிவர்மா

ஊரிலிருந்து உறவினர் வந்தால் மைசூர்த் தமிழர் இல்லங்களில் ஒரு முறை உண்டு. முதல் நாள் பெரிய அரண்மனையும் சாமுண்டி மலையும். மறுநாள் கண்ணம்பாடி அணையும் பிருந்தாவனமும். ஊர் திரும்பும் நாளன்று, இரயிலுக்கு நேரமிருந்தால், ஜகன்மோகன் அரண்மனைச் சித்திரசாலை. அங்கும் விருந்தினர் நெடுநேரம் நின்று பார்ப்பது, இருளில் கைவிளக்கை ஏந்தி நிற்கும் பெண்ணின் படத்தைத்தான். விளக்கின் ஒளி விரல்களினூடே சிவந்து தோன்றும் அழகைக் கண்டு ரவிவர்மாவின் கைத்திறனை வியந்தவாறே வெளியேறுகின்றனர். அந்தப் படம் ரவிவர்மா எழுதியதன்று. சாவந்தவாடியைச் சேர்ந்த ஹல்தங்கர் என்னும் ஓவியர், தம் மகளையே எதிரில் நிற்கவைத்து நீர் வர்ணத்தில் எழுதியது. ரவிவர்மா காலமாகி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்துத் தோன்றிய படம் அது.

ரவிவர்மாவின் படங்கள் அதே மாளிகையில்தான் வேறிடத்தில் தொங்குகின்றன. இராவணனின் வாளுக்குச் சிறகிழந்து வீழும் ஜடாயு, கௌரவர் சபையில் தூதனாய் நிற்கும் கண்ணன், சீறியெழும் அலைகளின் எதிரே பாறைமீது வில்லேந்தி நிற்கும் இராமன் ஆகியோரை அங்கே காணலாம். இவற்றை எழுதியவரை அரச குலத்தவர் என்றும், பொழுதுபோக்காகச் சித்திரம் தீட்டிய பிரபு என்றும் நம்மவருள் பலர் எண்ணியிருக்கின்றனர். அவருடைய பெயருக்கு முன் நிற்கும் ராஜா என்னும் சொல் செய்த மயக்கம் அது. உண்மையில் அவர் உழைத்து உண்ட தொழிலாளி. எந்தச் சமஸ்தானத்திலும் மாதச் சம்பளத்துக்கு அமராமல், ஊர்தோறும் சென்று, கேட்டவருக்குக் கேட்ட படத்தை எழுதிக் கொடுத்து, அதற்குரிய ஊதியத்தைப் பெற்று வாழ்ந்தவர். அந்த உழைப்பின் கதையை, குறிப்பாக அது நம் மைசூரோடு பிணைந்த பகுதியை, இம்மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

திருவனந்தபுரத்துக்கு வடக்கேயுள்ள கிளிமானூரில் 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் ரவிவர்மா பிறந்தார். தந்தையார் வடமொழி வல்லுநர். அன்னையார் உமாம்பா பாய் கவி புனையும் ஆற்றலுடையவர். தாய்மாமன் ராஜராஜவர்மா தஞ்சாவூர்ப் பாணியில் சித்திரம் எழுதப் பயின்றவர். சுவர்களில் கரியால் கிறுக்கிக்கொண்டிருந்த மருமகனை அவர் அடித்துத் திருத்த முற்படவில்லை. அருகில் அமர்த்தி எழுதக் கற்பித்தார். சிறுவனுக்குப் பதினான்கு வயதானபோது திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் முன் நிறுத்தினார். மன்னர் மகிழ்ந்து, அரண்மனையை அடுத்துத் தங்கிப் பயில வழி செய்தார்.

இவ்விடத்தில் தமிழர் இருவர் இக்கதையுள் புகுகின்றனர். எண்ணெய் வர்ண முறை அப்போது நம் நாட்டுக்குப் புதிது. திருவனந்தபுரத்தில் அதனை நன்கறிந்திருந்தவர் மதுரையைச் சேர்ந்த இராமசாமி நாயக்கர் என்னும் அரண்மனை ஓவியர். அவர் இளைஞருக்குக் கற்பிக்க மறுத்துவிட்டார். தொழில் இரகசியத்தைக் காத்தவரைக் குறை கூறுவது எளிது. ஆயினும் அரண்மனையின் தயவு ஒன்றையே நம்பி வாழ்ந்த ஒருவர், மன்னரின் உறவு வட்டத்திலிருந்து வந்த ஒரு போட்டியாளரைத் தம் கையாலேயே வளர்த்துவிட வேண்டுமென்று எதிர்பார்ப்பதும் முறையாகாது என்பது எமது கருத்து. நாயக்கரிடம் பயின்ற ஆறுமுகம் பிள்ளை என்பவர் இரவு வேளைகளில் ஒருவரும் அறியாமல் வந்து, வர்ணங்களைக் கலக்கும் முறையைக் காட்டிக் கொடுத்தார் என்பர். 1868இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மன்னரின் உருவத்தை எழுத வந்தபோது, அவரும் கற்பிக்க இசையவில்லை. தாம் எழுதுவதை அருகிருந்து பார்க்க மட்டும் இசைந்தார். ஒருவர் மறைத்ததையும், மற்றொருவர் மறைவாகக் காட்டியதையும், வேறொருவர் வாய் திறவாமல் செய்ததையும் சேர்த்துத்தான் ரவிவர்மாவின் கல்வி அமைந்தது. கலைக்கல்லூரி எதிலும் அவர் கால் வைத்ததில்லை.

1866இல் மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பகீரதி பாய் அவருக்கு மனைவியானார். அம்மையாரின் தமக்கை திருவிதாங்கூரின் மூத்த ராணி. இத்தகைய உறவுடைய ஒருவர் ஊதியத்துக்குப் படம் எழுதுவதை அக்காலத்து உயர்குடியினர் இழிவென்றே கருதியிருப்பர். கோயிலில் பாடுவதும் கவி புனைவதும் அவர்களுக்குப் பெருமை தரும். பிறர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து வீட்டுக்காரரின் மீசையை அளவெடுத்து எழுதிக் காசு பெறுவது பெருமையன்று. 1870ஆம் ஆண்டு, இன்றைய கர்நாடகத்திலுள்ள கொல்லூருக்குச் சென்று மூகாம்பிகை சந்நிதியில் 41 நாட்கள் விரதமிருந்த பின்னரே ரவிவர்மா இத்தொழிலை வாழ்வாக ஏற்றார் என்று அவர் வரலாறு கூறுவோர் உரைப்பர். திரும்பும் வழியில் கள்ளிக்கோட்டையில் கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனோன் குடும்பத்தாரை எழுதிக் கொடுத்தார். அவர் பெற்ற முதல் ஊதியம் அதுவே.

புகழ் விரைந்து வந்தது. 1873இல் சென்னைக் கண்காட்சியில், கூந்தலில் மலர் சூடும் நாயர் மங்கையின் படத்துக்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. வியன்னாக் கண்காட்சியிலும் அதற்குப் பரிசு உண்டாயிற்று. அடுத்த ஆண்டு, சுரபத் என்னும் நரம்புக் கருவியை வாசிக்கும் தமிழ்ப் பெண்ணின் படம் சென்னையில் மீண்டும் பதக்கம் பெற்றது. 1875இல் இந்தியாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசருக்குத் திருவிதாங்கூர் அளித்த அன்பளிப்புகளுள் ஒன்றாக அது கடல் கடந்தது. 1876இல் துஷ்யந்தனுக்கு மடல் வரையும் சகுந்தலையின் படத்தைச் சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபுவே விலைக்கு வாங்கினார். பின்னர் அவ்வாளுநரின் உருவத்தையும் ரவிவர்மா எழுதினார்.

1880இல் ஆயில்யம் திருநாள் காலமானார். அடுத்துப் பட்டம் ஏறிய விசாகம் திருநாள் கல்வியிற் சிறந்தவர். ஆயினும் அவருக்கும் ஓவியருக்கும் ஒத்துவரவில்லை. ரவிவர்மா திருவனந்தபுரத்தை நீங்கினார். ஒரு மன்னரின் அன்பில் வாழும் கலைஞனுக்கு அம்மன்னரின் ஆயுளே தன் வாழ்வின் எல்லை என்பதை முப்பத்திரண்டு வயதில் அவர் கண்டுகொண்டார். அதன் பிறகு எந்த அரண்மனையையும் தம் நிலையான இருப்பிடமாக அவர் கொண்டதில்லை. உடன் வந்தவர் இளைய சகோதரர் ராஜராஜவர்மா, தமையனைவிடப் பன்னிரண்டு ஆண்டு இளையவர். மாமன் பெயரே அவருக்கும் பெயர். அதன் பின் இருபத்தைந்து ஆண்டுக் காலம் இருவரும் ஒருவருக்கொருவர் இரு கைகளாக வாழ்ந்தனர்.

கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரில் திவானாயிருந்து, அப்போது பரோடாவில் திவான் பதவி வகித்த சர் தி. மாதவராவ் இவர்களை அங்கு வரவழைத்தார். சாயாஜிராவ் கெய்க்வாடு முடியேற்ற காலம் அது. பரோடா வேலை முடிந்ததும் பவநகர், புதுக்கோட்டை என்று அழைப்புகள் தொடர்ந்தன. 1885இல் மைசூரிலிருந்து அழைப்பு வந்தது.

ஆங்கிலேயர் ஐம்பது ஆண்டுகள் தம் கையில் வைத்திருந்த மைசூர் ஆட்சியை 1881இல்தான் உடையார் குலத்துக்குத் திருப்பிக் கொடுத்திருந்தனர். சாமராஜேந்திர உடையார் இருபது வயதைச் சற்றே கடந்த இளம் மன்னர். இசைவாணரையும் நாடகக்காரரையும் புலவரையும் ஆதரித்து, மீண்ட அரசுக்குப் பழைய பொலிவை உண்டாக்க முற்பட்டிருந்தார். அவரையும் அரச குடும்பத்தாரையும் ரவிவர்மா எழுதினார். வேலை முடிந்தது, ஊதியமும் மரியாதையும் பெற்றுப் புறப்பட்டார். இங்கேயே ஆஸ்தான ஓவியராகத் தங்கியிருந்தால் மழைக்கும் வெயிலுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. அவர் தங்கவில்லை.

அவர்களுடைய வேலை எப்படி நடந்தது என்பதை நாம் அறிவது தம்பியின் நாட்குறிப்பால். 1895 முதல் 1904 வரை ராஜராஜவர்மா ஆங்கிலத்தில் எழுதிவந்த அக்குறிப்புகள், தமையனின் புகழைப் பாடுவதற்கு எழுதப்பட்டவை அல்ல. எந்த ஊருக்கு இரயிலேறினோம், யார் படம் எழுதிக்கொள்ள வந்து அமர்ந்தார், யார் வரவில்லை, எந்தத் தொகை வந்தது, எது வரவில்லை, மாலையில் எந்த நாடகத்தைக் கண்டோம் என்பனவே பெரும்பாலும் அதிலுள்ளன. முகத்தையும் உடலையும் அண்ணன் எழுத, பின்னே தெரியும் மலையையும் மரத்தையும் நீரையும் வானையும் தம்பி எழுதுவார். இயற்கைக் காட்சிகளில் தம்பிக்கே கை மிகுதி என்று பார்த்தவர் கூறுவர். விலை பேசுவது, கடிதம் எழுதுவது, கணக்குப் பார்ப்பது ஆகியனவும் தம்பியின் பொறுப்பே. காலஞ்சென்றவரின் உருவம் வேண்டுமென்று வருவோர் ஒரு மங்கிய புகைப்படத்தைக் கொடுத்து, அதிலிருந்து உயிருள்ளவர்போல் எழுதித் தரக் கேட்பர். அதையும் மறுக்க முடியாது. ஊதியத்துக்கு எழுதுபவர் தாம் விரும்பியதை மட்டும் எழுத இயலுமா?

பெரிய வேலை 1888இல் வந்தது. உதகமண்டலத்தில் கெய்க்வாடைச் சந்தித்தபோது, பரோடாவில் எழும்பிவந்த லட்சுமி விலாச மாளிகைக்காகப் புராண இதிகாசக் காட்சிகள் பதினான்கு எழுதித் தருமாறு அவர் பணித்தார். நளனும் தமயந்தியும் சந்தனுவும் உடுத்திய உடை எத்தகையது என்னும் ஐயம் எழுந்தது. இந்தியா முழுமைக்கும் பொதுவான பழைய உடை ஒன்று இருத்தல் கூடும் என்றெண்ணிச் சகோதரர் இருவரும் வடநாட்டில் நெடுநாள் சுற்றினர். அப்படி ஒன்றும் அகப்படவில்லை. முடிவில் சேலையையே புராண மாதருக்கு உடுத்தினார் ரவிவர்மா. நம் வீட்டுப் பூசையறைப் படங்களில் லட்சுமியும் சரசுவதியும் சேலை கட்டி நிற்பதற்குப் பின்னே இந்த வீண் அலைச்சல் இருக்கிறது என்பது நமக்குப் பெரு வியப்பைத் தருவது. கிளிமானூரில் அமர்ந்து பதினான்கு படங்களையும் எழுதி முடித்தார். ஊதியம் 50,000 ரூபாய். மாளிகைக்குள் சென்று மறையுமுன் அவை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது மக்கள் திரள்திரளாக வந்து கண்டனர். வீட்டின் நிலை வேறு. எப்போதும் வெளியூரிலேயே இருந்த கணவருக்காகக் காத்திருந்த பகீரதி பாய் 1891இல் காலமானார்.

1893இல், விவேகானந்தர் உரையாற்றிய அதே சிகாகோவில், அதே ஆண்டு நடந்த உலகக் கண்காட்சிக்கு ரவிவர்மாவின் பத்துப் படங்கள் சென்று இரு பரிசுகள் பெற்றன.

கண்காட்சிக்கு வர இயலாத ஏழை வீட்டுக்கும் படம் போக வேண்டாவா? படங்களை வர்ண அச்சில் பதித்துப் பரப்புமாறு மாதவராவ் முன்னரே அவருக்கு யோசனை கூறியிருந்தார். 1894இல் ஒரு வணிகரின் கூட்டோடு பம்பாயில் அச்சகம் தொடங்கிற்று. எந்திரமும் வல்லுநரும் ஜெர்மனியிலிருந்து வந்தனர். வழவழப்பான சுண்ணாம்புக்கல் பலகை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வர்ணத்துக்குரிய பகுதியை மட்டும் இடவலம் மாற்றி எழுதி, ஒரே தாளை ஒவ்வொரு கல்லின்மீதும் ஒத்தியெடுக்க வேண்டும். ஒரு கல் மயிரிழை பிசகினாலும் தேவியின் இதழ் கன்னத்துக்குச் சென்றுவிடும். முதலில் அச்சேறியது சகுந்தலையின் பிறப்பு.

ஓவியருக்கு வாணிகம் கைவரவில்லை. 1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவிற்று. தொழிலாளர் ஊரை விட்டு ஓடினர். கூட்டும் நிலைக்கவில்லை. அச்சகம் லோணாவ்ளாவுக்கு அருகே மளவ்லிக்கு மாறிற்று. கடன் ஏறியது. படம் எழுதிப் பெற்ற ஊதியம் அச்சகத்தின் வாயில் விழுந்துகொண்டேயிருந்தது. முடிவில், புதிய நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், அங்குப் பணியாற்றிய ஷ்லைஷர் என்னும் ஜெர்மானியருக்கே அச்சகத்தையும் படங்களின் உரிமையையும் விற்றுவிட்டார். ரவிவர்மாவின் பெயர் தாங்கிய படங்கள் கோடிக்கணக்கான வீடுகளுக்குச் சென்றது அதற்குப் பின்னர்தான். அவற்றால் அவருக்குக் காசு வந்ததில்லை. தீப்பெட்டியிலும் நாட்காட்டியிலும் அவர் படத்தை அவரைக் கேளாமலே அச்சிட்டவர் எத்தனையோ பேர். அவ்வச்சகத்தை 1972இல் தீ தின்றுவிட்டது.

ஆகவே ஐம்பது வயதைக் கடந்த பின்னும் சகோதரர்கள் வேலை தேடி ஊர் ஊராய்ப் போக வேண்டியிருந்தது. 1901இல் உதயப்பூர் சென்று ராணா பிரதாபரை எழுதினர். 1902இல் ஹைதராபாத்தில் நிஜாமின் வேலையை எதிர்நோக்கி மாதக்கணக்கில் தங்கினர். புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ராஜா தீன் தயாள் விருந்தோம்பினார்; ஆனால் எதிர்பார்த்த வேலை கைகூடவில்லை. நாடெங்கும் பெயர் பெற்ற ஒருவர் வாயிலில் அழைப்புக்காகக் காத்திருந்த அந்த நாட்களை எண்ணும்போது எமக்கு நெஞ்சம் கனக்கிறது. சம்பளத்தை உதறியவருக்கு இத்தகைய காத்திருப்பும் சம்பளத்தோடு சேர்ந்து போவதில்லை.

இக்காலத்தில் குடும்பத்தில் ஒரு பெருமையும் உண்டாயிற்று. 1900இல் அவருடைய பேத்தியர் இருவர் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குச் சுவீகாரமாயினர். அவருள் மூத்தவரான சேது லட்சுமி பாய், பின்னாளில் திருவிதாங்கூரை ஏழாண்டு ஆண்டு, முதுமையில் பெங்களூரில் வாழ்ந்து 1985இல் அங்கேயே மறைந்தார். 1904இல் ஆங்கில அரசு கெய்சர்-இ-ஹிந்து பதக்கத்தை ரவிவர்மாவுக்கு அளித்தது. ராஜா என்னும் அடைமொழி நாடறிய அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டதும் அதை ஒட்டியே.

அவ்வாண்டில்தான் மைசூர் மீண்டும் அழைத்தது. சாமராஜேந்திர உடையார் 1894இலேயே கல்கத்தாவில் காலமாகியிருந்தார். பழைய மர அரண்மனை 1897இல் இளவரசியின் திருமண நாட்களில் தீக்கு இரையாகிவிட்டது. புதிய அரண்மனையை இர்வின் என்னும் கட்டடக் கலைஞர் கல்லால் எழுப்பிக்கொண்டிருந்தார். அரச குடும்பம் ஜகன்மோகன் அரண்மனையில் தங்கியிருந்தது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சிப் பொறுப்பைத் தம் கையில் ஏற்று இரண்டாண்டே ஆகியிருந்தன. எரிந்த மாளிகைக்கு மாற்றாக எழும் மாளிகையில் புதிய சித்திரங்களும் இருக்க வேண்டும் என்னும் விருப்பம் எழுந்தது இயல்பே. ஒன்பது புராணக் காட்சிகளை எழுதித் தர ரவிவர்மா ஏற்றார். பதினான்கு படங்களுக்குப் பிறகு அவருக்குக் கிட்டிய அடுத்த பெரிய வேலை இது. வயதோ ஐம்பத்தாறு; உடலில் நீரிழிவு நோய்.

மைசூர் வேலை கைக்கு வந்த அக்காலத்திலேயே தம்பி நோயுற்றார். 1905 ஜனவரியில் ராஜராஜவர்மா காலமானார். வயது நாற்பத்து நான்கு. பத்தாண்டுகளாய் நடந்துவந்த நாட்குறிப்பு 1904ஆம் ஆண்டோடு நின்றது. அதனால் அதன் பிறகு தமையனின் நாட்கள் எவ்வாறு கழிந்தன என்பதை அன்றன்று எழுதிவைக்க ஒருவருமில்லை.

வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தால் எவரும் பழித்திருக்க மாட்டார். ஏற்ற வேலை அது. ஏற்ற சொல் இருந்தது. ஒன்பது படங்களையும் அவர் எழுதி முடித்தார். அவற்றுள் சில 1906ஆம் ஆண்டைத் தாங்கியுள்ளன. அவ்வாண்டின் தொடக்கத்தில் வேல்ஸ் இளவரசர் மைசூருக்கு வந்தபோது நடந்த யானைப்பிடி நிகழ்ச்சியையும் எழுதும்படி அவர் பணிக்கப்பட்டார்.

அடுத்தமுறை விருந்தினரோடு ஜகன்மோகன் அரண்மனைக்குச் செல்லும் அன்பர்கள், இராமன் கடலரசனை அடக்கும் படத்தின் முன் சற்று நிற்க வேண்டுகின்றோம். இராமனின் சினத்தைப் பார்த்த பின் அலைகளைப் பாருங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக இவ்வகை நீரையும் வானையும் எழுதித் தந்த கை அப்போது இல்லை. அலைகளில் ஒரு முரட்டுத்தனம் தெரிகிறது என்பது எமக்குத் தோன்றுவது. ஓவியம் கற்றவர் வேறு கூறலாம்.

கற்றவர் அவரைப் பற்றி வேறு பலவும் கூறியதுண்டு. ஈழத் தமிழரான தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, ரவிவர்மாவின் படங்களில் இந்திய மரபின் உள்ளொளி இல்லை, நாடக மேடையின் பாவனையே உண்டு என்று கடிந்தார். வங்கத்து ஓவியரும் அவ்வாறே கருதினர். அக்கண்டனத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அவருடைய தமயந்தியும் சீதையும் நாடகம் பார்த்துப் பழகிய கண்ணால் எழுதப்பட்டவர்களே. ஆயினும் கோயிலுக்குள் நுழைய இடமில்லாதவனும் கும்பிடுவதற்கு ஒரு தெய்வ உருவத்தை அரையணா ஓரணாவுக்கு வீட்டில் மாட்டிக்கொள்ள வழி செய்தவர் யார் என்பதையும் கண்டித்தவர் எண்ணிப் பார்த்திருக்கலாம். 1979இல் இந்திய அரசு அவருடைய படங்களை நாட்டின் கலைச் செல்வமென அறிவித்து, அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வதைத் தடை செய்தது.

மைசூர் வேலை முடிந்து கிளிமானூர் திரும்பிய ரவிவர்மா 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அங்கேயே காலமானார். வயது ஐம்பத்தெட்டு. ஒரு பார்சிப் பெண்மணியின் படம் மட்டும் எழுதி முடியாமல் நின்றுவிட்டது.